பின்மைதானத்தில் தெரிந்த அம்பு

ஜூன் மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கேலன் ரீடல், மண்ணில் ஓட்டை போடும் எந்திரத்தை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு கோர்டல் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தான். எந்திரம் அவனுடையதல்ல, தங்கை புருஷன் லோரனுடையது. சரியாகச் சொன்னால், லோரன் தலைமை மைதானக்காரனாக இருக்கிற கோர்டலுடையது. கேலன் வேலை பார்க்கிற ஹாஸ்கெட் ஸ்டேட்டிலும் அதேபோல ஒன்று உண்டு. கியர் உடைந்து நாலு வருஷமாக ஷெட்டுக்குப் பின்னால் களை மூடிக் கிடக்கிறது. புதுசு கேட்டு எழுதிப் போட்டதெல்லாம் போன இடம் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு மே மாதமும் எண்பது மைல் வந்து இரவல் வாங்குவதும், வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. இரண்டு பல்கலைக்கழகங்களும் சிமரான் என்கிற விளையாட்டுக் கூட்டமைப்பில் முப்பது வருஷமாக எதிரும் புதிருமாக ஃபுட்பால் ஆடி வருகின்றன. தோள்கவசம் மாட்டிக்கொண்டு பையன்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மைதானக்காரர்கள் எந்திரத்தை மாற்றிக்கொள்வார்கள்.

லோரன் ஷெட் வாசலில் காபிக் கோப்பையோடு நின்றிருந்தான்.

"வா மச்சான். பல்லெல்லாம் பத்திரமா இருக்கா, இல்ல உன் ஊருக் கல்லுல விட்டு ஒடச்சிட்டியா?"

"எண்ணிப் பாத்துக்கோ."

"உன்கிட்ட எண்ணி வாங்கினேன்னு தெரிஞ்சா ஜோலின் என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. அண்ணன் மேல அவ்ளோ பாசம். என் மேல அதுல பாதி இருந்தாக் கூடப் போதும்."

கேலன் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் பார்த்தான். பார்க்கக் கூடாதென்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பான். கண் தானாகப் போகும். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மனிதனுக்கல்ல, விதைக்கும் மருந்துக்கும். தரை சாப்பிட உட்காரலாம் போல இருந்தது. புல்வெட்டி போன வருஷம் இரண்டு நின்ற இடத்தில் இப்போது மூன்று. மூன்றாவதன் டயரில் பிளாஸ்டிக் உறை கூட முழுசாகப் பிரியவில்லை.

"புதுசா?"

"ஆமா. கேக்கவே இல்ல, அவங்களா வாங்கிக் குடுத்தாங்க. நானே பயந்துட்டேன், எதுக்குடா இவ்ளோ அன்புன்னு."

இந்த வேலை பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கேலனுக்கு வந்திருக்க வேண்டியது. அப்படித்தான் அவன் கணக்கு.

இரண்டு பேரும் மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். எட்டு மணி நேரம் கொக்கியில் தொங்கி வருகிற மாட்டுக்குத் தோலை உரித்துவிட்டு, சாயங்காலம் விரல் மடங்காமல், பியர் டப்பாவை உள்ளங்கையால் அமுக்கித் திறந்தவர்கள். கேலன்தான் முதலில் வெளியேறி ஹாஸ்கெட்டில் புல்வெட்டும் வேலைக்குப் போனான். ஆறு மாதம் கழித்து லோரனையும் கூப்பிட்டுக்கொண்டான். கோடு இழுக்க, பெயிண்ட் கலக்க, வேரைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தே நோய் சொல்ல, எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்தது. கோர்டலில் தலைமை மைதானக்காரன் இடம் காலி என்று முதலில் கேள்விப்பட்டதும் அவன்தான். "நீயும் போட்டு வைடா, பழக்கத்துக்கு" என்று லோரனிடம் சொன்னதும் அவன்தான். லோரன் கல்யாணத்துக்கு வாங்கிய டையைக் கட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போனான். என்ன பேசினானோ, உள்ளே இருந்த மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அடுத்து உள்ளே போன கேலனிடம் புல்லைப் பற்றி மட்டும் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் சரியான பதில் சொன்னான். கடிதம் லோரன் வீட்டுக்குப் போயிற்று.

"எந்திரத்த பின்மைதானத்துக் கொட்டகையில விட்டுடு மச்சான். குழாய் மாத்தறேன்னு ஏப்ரல்லேருந்து தோண்டிப் போட்டிருக்கானுங்க, பாத்து ஓட்டு. நானே ஒரு மாசமா அந்தப் பக்கம் போகல. புல்வெட்டி உள்ள போக வழியில்ல."

கேலன் ட்ரெய்லரை ஓட்டிப் போனான். பின்மைதானம் பயிற்சிக்கானது. வெட்டாத புல் கணுக்காலைத் தொட்டது. கொட்டகை மேட்டில் எந்திரத்தை இறக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் அது தெரிந்தது.

வேறு யார் நின்றிருந்தாலும் வெறும் புல்லைத்தான் பார்த்திருப்பார்கள். மைதானத்தின் நடுவில் புல் ஒரு நிழல் கருத்து, ஒரு விரல்கடை குட்டையாக இருந்தது. அப்படிக் குட்டையாக இருந்தது தாறுமாறாக அல்ல. இரண்டு வட்டம், ஒன்றுக்குள் ஒன்று. இரண்டையும் கிழித்துக்கொண்டு மேலே போகிற ஓர் அம்பு.

கேலன் மேட்டின் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தான்.

அந்த அம்பை அமெரிக்காவில் ஃபுட்பால் பார்க்கிற எவனுக்கும் தெரியும். கான்டினென்டல் கூட்டமைப்பின் சின்னம். பணக்காரக் கூட்டமைப்பு. சனிக்கிழமை ராத்திரி எல்லார் வீட்டு டிவியிலும் ஓடுகிறது. சிமரான் கூட்டமைப்பில் இருக்கிற கோர்டலின் மைதானத்தில் அதற்கு என்ன வேலை?

என்ன நடந்திருக்கும் என்பது மேட்டில் நிற்கும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. கோடும் சின்னமும் சீக்கிரம் வளர்ந்து அழியாமல் இருக்க, புல்லின் வளர்ச்சியைக் கட்டிப்போடுகிற மருந்தைப் பெயிண்டிலேயே கலந்து அடிப்பார்கள். லோரனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் கேலன்தான். கோர்டல் அந்தக் கூட்டமைப்புக்குத் தாவப் போகிறது; அந்த அறிவிப்புக்குப் படம் எடுப்பதற்காக மேலிடத்தில் யாரோ இந்தச் சின்னத்தை ரகசியமாக அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படம் எடுத்ததும் பச்சைப் பெயிண்டால் மூடிவிட்டான் லோரன். மேலே மூடலாம். உள்ளே போன மருந்தை எப்படி மூடுவது? சுற்றிலும் புல் வளர வளர, மருந்து குடித்த புல் மட்டும் வளராமல் நின்று படம் போட்டுக் காட்டிவிட்டது. வாராவாரம் வெட்டியிருந்தால் தெரிந்திருக்காது. வெட்ட வழியில்லாமல் குழாய் தோண்டிக் கிடந்தது.

பழக்கதோஷம், அளவுநாடாவை எடுத்துப் புல்லுக்குள் நிறுத்தினான். ஒன்றேகால் அங்குல வித்தியாசம். நாடாவும் சின்னமும் சேர்ந்து தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்தான். மேட்டிலிருந்து முழுசாக இன்னொன்று.

ஷெட்டுக்குத் திரும்பியதும் சொல்லியிருக்கலாம். "டேய், பின்னாடி உன் ரகசியம் மொளச்சிருக்கு, கையால தள்ற மெஷினாவது எடுத்துட்டுப் போய் வெட்டு" என்று ஒரு வரி. வாய் வரைக்கும் வந்தது. மூன்றாவது புல்வெட்டியின் டயர் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டான்.

"என்ன மச்சான், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில்."

ஜூன் இருபதாம் தேதி கோர்டல் அறிவித்தது. அன்று காலைதான் நிர்வாகக் குழு கூடி முடிவெடுத்ததாம். அடுத்த வருஷம் முதல் சிமரானை விட்டுக் கான்டினென்டலில் ஆடப் போகிறது. அறிவிப்புப் படத்தில் வானத்திலிருந்து ஒரு பச்சை மைதானம் தெரிந்தது, நடுவில் பளிச்சென்று அந்த அம்பு. அதைச் சுற்றியிருந்த மரங்களில் பாதி இலைதான் இருந்தது. வசந்தகாலத்து மரம். யாரும் அதைக் கவனிக்கவில்லை. கேலன் கவனித்தான்.

ஜூலை நாலாம் தேதி ஜோலின் வீட்டுக் கொல்லையில் சாப்பாடு. வருஷா வருஷம் அங்கேதான். ஜோலின் முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் அடைத்த பீராக் ரொட்டியை அடுப்பிலிருந்து தட்டுத் தட்டாக எடுத்து வந்தாள். கேலனுக்கு மட்டும் மிளகு கூடப் போட்டுத் தனியாக நாலு. சின்ன வயசிலிருந்து அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

லோரன் கறியைப் புரட்டிக்கொண்டே பேசினான். அவன் பேச்சு நிற்கவில்லை.

"கட்டப் போற புது ஸ்டேடியத்துல புல்லுக்கு அடியில வெந்நீர்க் குழாய் மச்சான். பனிக்காலத்துலயும் வேர் சூடா இருக்கும். ஜோலின் ராத்திரி காலை என் மேல வெக்கறா பாரு, ஐஸ் கட்டி. நான் போய் மைதானத்துல படுத்துக்கலாம்னு இருக்கேன்."

"போய்ப் படு, யாரு வேணாம்னது" என்றாள் ஜோலின்.

"ஆளு ஆறு பேரு குடுக்கறாங்க. சம்பளம்..." என்று ஆரம்பித்தவன், கேலன் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "அது கெடக்கு. இன்னும் எதுவும் எழுத்துல வரல."

நிறுத்தியதுதான் கேலனுக்குத் தாங்கவில்லை. சொல்லியிருந்தால் கூடப் பொறுத்திருப்பான். இவன் நம் மேல் இரக்கப்படுகிறான் என்று தோன்றியது. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"நீங்க போறதால ஆட்டத்த டிவியில காட்டறதுக்கு எங்களுக்கு வர்ற பணம் பாதியாயிடும், தெரியுமில்ல?"

"நானா மச்சான் போகச் சொன்னேன்? நான் புல்லு வெட்டறவன். அவங்க நாளைக்குச் சந்திரனுக்குப் போறோம்னா அங்கயும் வந்து கோடு போடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கேலனின் மனைவி டார்லா கூடச் சிரித்தாள்.

அடுத்த வாரம் ஹாஸ்கெட்டின் விளையாட்டுத் துறைத் தலைவி மார்சியா டில்லட் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினாள். சுற்றி வளைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"பணம் இல்ல. நீச்சல் அணியைக் கலைக்கறோம். கேலன், உங்க நாலு பேர்ல ரெண்டு பேரை நான் வெச்சுக்க முடியாது. யாருன்னு நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா இன்னும் அசிங்கமாயிடும்."

பிறகு ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னாள். விலகுகிற பல்கலைக்கழகம் தொண்ணூறு லட்சம் டாலர் கட்ட வேண்டும். அதை மிச்சமிருக்கிற ஏழு பல்கலைக்கழகங்களும் பிரித்துக்கொள்ளும். ஆனால் ஒரு ஷரத்து. விலகுவதென்று முடிவு செய்துவிட்டு, அதை மறைத்து, மே மாத ஆண்டுக் கூட்டத்தில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டால், தொகை இரட்டிப்பு. இந்த வருஷம் கூட்டம் மே பதினான்காம் தேதி நடந்தது. கோர்டலின் ஆள் வந்திருந்தான். டிவிப் பணத்தைப் பிரிப்பதில் ஓட்டுப் போட்டான். மதியம் வறுத்த கோழியும் சாப்பிட்டான்.

"அன்னிக்கே அவங்க முடிவு பண்ணிட்டாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள் மார்சியா. "தெரிஞ்சு என்ன பண்றது? காகிதம் வேணும். யாராவது எதையாவது பாத்திருந்தா, கேட்டிருந்தா, எங்கிட்ட வாங்க."

கேலன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் போன் நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்தது.

மூன்று நாள் அவன் தனக்குத்தானே வாதாடினான். என் ஆட்கள் இரண்டு பேர் வேலை போகப் போகிறது, அவர்களுக்காகத்தான் என்றான். நியாயத்துக்காக என்றான். லோரனை யார் கேட்கப் போகிறார்கள், மாட்டப் போவது பெரிய தலைகள்தானே என்றான். எல்லாம் கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வாதத்தின் கடைசியில் லோரனின் முகம் வந்து நின்றது. சிரிப்பில்லாத லோரன். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவையாவது அந்த முகத்தில் சிரிப்பு நின்று பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. கொக்கியில் தொங்கும் மாட்டுக்கு முன்னால் நின்றபோது கூட அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

நாலாம் நாள் மார்சியாவின் அறைக்குப் போய்ப் போனை மேஜையில் வைத்தான்.

"இதுல என்ன இருக்கு? வெறும் புல்லு" என்றாள் அவள்.

"தூரமா வெச்சுப் பாருங்க."

அவள் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

சிமரான் கூட்டமைப்பின் வக்கீல் ஹாலவே என்பவன் கன்சாஸ் சிட்டியிலிருந்து வந்தான். கேலன் முதல் தடவையாகக் கண்ணாடிச் சுவர் வைத்த அறையில், தண்ணீர் ஊற்றி வைத்த கண்ணாடி டம்ளருக்கு முன்னால் உட்கார்ந்தான். கூட இரண்டு பேர் குறிப்பு எடுத்தார்கள். மருந்து எப்படி வேலை செய்யும், வேர் எப்படிக் குடிக்கும், பெர்முடா புல் மே மாதத்தில் நாளொன்றுக்கு எவ்வளவு வளரும், மருந்து பட்டது எவ்வளவு வளரும். அவன் சொல்லச் சொல்ல எழுதினார்கள். "மன்னிக்கணும், அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்கள். முப்பது வருஷமாக அவனுக்குத் தெரிந்ததை இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கேட்டதில்லை. நேர்காணலில் அந்த மூன்று பேர் கேட்காததையெல்லாம் இவர்கள் கேட்டார்கள். அவனுக்கு நன்றாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. மிகவும் நன்றாக இருந்தது.

"அப்போ, மிஸ்டர் ரீடல், ஒன்றேகால் அங்குல வித்தியாசம் வர எத்தனை நாள்?"

"மருந்து முழு அளவு கலந்திருந்தா பதினெட்டு நாள், இருபது நாள். அப்படின்னா மே பதினாலு, பதினஞ்சு, பதினாறுல அடிச்சிருக்கணும்."

ஹாலவே பேனாவை வைத்தான். "கூட்டம் பதினாலாம் தேதி காலையில. அதுக்கு முன்னாடின்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

கேலன் யோசித்தான். ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது புல்லின் விஷயம். புல்லைப் பற்றி அவன் பொய் சொன்னதில்லை.

"ஒரு நாள் ரெண்டு நாள் முன்னப் பின்ன இருக்கலாம். அதுக்கு மேல என்னால சத்தியம் பண்ண முடியாது."

"முழு அளவுதான் கலந்திருப்பாருன்னு எப்படித் தெரியும்?"

"லோரன் அப்படித்தான் கலப்பான். நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

கடைசி வரியையும் அவர்கள் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும்போதுதான் கேலன் தாளின் மேலே தன் முழுப் பெயரும் ஊரும் வேலையும் அச்சாகியிருப்பதைப் பார்த்தான்.

"இது யாருக்கெல்லாம் போகும்?"

"எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மட்டும்."

எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து அது யாருக்குப் போகும் என்று அவன் கேட்கவில்லை.

செப்டம்பரில் சமாதானம் ஆயிற்று. புகைப்படத்தையும் தேதியையும் வைத்து இரண்டு தரப்பும் ஆறு வாரம் இழுத்தார்கள். பதினான்கா பதினைந்தா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாத ஒரு சாட்சியை நம்பிக் கோர்ட்டுக்குப் போகச் சிமரான் கூட்டமைப்புக்குத் தைரியமில்லை. புகைப்படம் பேப்பரில் வந்துவிடுமே என்று கோர்டலுக்கும் பயம். ஒரு கோடியே எண்பது லட்சம் கேட்ட இடத்தில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு முடிந்தது. கோர்டலின் முன்னாள் மாணவன் ஒருவன், எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவன், கூடுதல் பணத்துக்கு ஒரே செக் எழுதிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே மீன்பிடிக்கப் போய்விட்டான் என்று பேச்சு.

ஹாஸ்கெட்டின் பங்கு வந்தது. அந்த வாரம் ஹாஸ்கெட் அணி வரிசையாக மூன்றாவது ஆட்டத்திலும் தோற்றது. பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனுடைய ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருஷம் மிச்சமிருந்தது. அந்தச் சம்பளத்தைச் சும்மா கொடுக்க வேண்டும். வந்த பங்கில் பெரும்பகுதி அதற்குப் போயிற்று. கேலனின் ஆட்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே போய்விட்டார்கள். ஒருவன் மறுபடியும் மாட்டுத் தொழிற்சாலைக்கே போனான். ஓட்டை போடும் எந்திரம் ஷெட்டுக்குப் பின்னால் அப்படியே கிடந்தது.

கோர்டலில் பெரிய தலைகள் எதுவும் உருளவில்லை. லோரனை மட்டும் கூப்பிட்டுப் பேசினார்கள். ரகசியத்தைக் காக்கத் தவறியது என்று ஒரு தாள். ஸ்டேடியத்தை எடுத்துவிட்டு மாணவர் விடுதிகளின் புல்தரையைக் கொடுத்தார்கள். ஸ்டேடியத்துக்கு இருபத்தொன்பது வயசில் பட்டம் படித்த ஒருவன் வந்தான். டார்லாவிடம் ஜோலின் போனில் சொன்னது இது. கேலன் பக்கத்து அறையில் உட்கார்ந்து, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டான். நெஞ்சுக்குள் ஏதோ லேசானது போல இருந்தது. பத்து நிமிஷம் இருந்திருக்கும். பிறகு விடுதிப் பெண்கள் லோரனுக்கு எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுக்கிறார்களாம், எல்லாருக்கும் அவனைப் பிடித்துப் போயிற்றாம் என்று டார்லா சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னாள். கேலன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த கேலன் சட்டையைக் கூட மாற்றவில்லை, ஜோலின் கதவைத் தட்டினாள். டார்லா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஜோலின் உட்காரவில்லை. கையில் மடித்த தாள். விரித்து மேஜையில் வைத்தாள். கேலன் பெயர், ஊர், வேலை, கீழே அவன் கையெழுத்து.

"அவங்க வக்கீல் ஆபீஸ்ல ஒரு பொண்ணு, என்கூடப் படிச்சவ. குடுக்கக் கூடாதுதான். குடுத்துட்டா."

கேலன் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"எவ்ளோ வாங்கினே அண்ணா?"

"என்னது?"

"இதுக்கு. எவ்ளோ குடுத்தாங்க? டார்லாவோட முட்டி ஆபரேஷன் கடன் பாக்கி இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்காகப் பண்ணியிருந்தா நான் எப்படியாவது மனசத் தேத்திக்குவேன். சொல்லு."

"ஒண்ணும் வாங்கல."

"பொய் சொல்லாத."

"ஒரு சென்ட் வாங்கல ஜோலின். சத்தியமா."

"அப்படின்னா இது இன்னும் மோசம்" என்றாள்.

கேலன் தன் இரண்டு ஆட்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். நீச்சல் அணி, ஒப்பந்தம், நியாயம். தங்கையின் முகத்துக்கு முன்னால் ஒன்றும் வெளியே வரவில்லை.

"எனக்குப் பொறுக்கல" என்றான். "அவன் நல்லா இருக்கறது எனக்குப் பொறுக்கல. அந்த வேலை என்னோடது."

"தெரியும்" என்றாள் அவள். "பதினாலு வருஷமாத் தெரியும். உன் தட்டுல நாலு ரொட்டி கூட வெச்சா அது கரையும்னு நெனச்சேன்." தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "வண்டியில உக்காந்திருக்காரு. வர மாட்டேன்னுதான் சொன்னாரு, நான்தான் இழுத்துட்டு வந்தேன். எங்கிட்ட சொன்னதை அவர்கிட்டயும் சொல்லு. அதுக்கப்புறம் நான் வண்டியை எடுத்துடுவேன்."

கேலன் வெளியே வந்தான். லோரன் பிக்கப்பின் பக்கத்து இருக்கையில் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிரிப்பு இல்லை. கேலன் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். பார்த்தபோது ஒரு களைத்த மனிதனின் முகமாக, தன் முகத்தைப் போலவே இருந்தது. இதைப் பார்க்கவா இவ்வளவும் என்று தோன்றியது.

கண்ணாடி பாதி இறங்கியது.

"மாப்ளே" என்றான் கேலன். வீட்டுக்குள் தங்கையிடம் வந்த வார்த்தை இங்கே வரவில்லை.

"நீ எழுதினதைப் படிச்சேன்" என்றான் லோரன். குரலில் கோபம் கூட இல்லை. "பிழையில்லாம எழுதியிருக்கே. வேர் குடிக்கறதெல்லாம் புஸ்தகத்துல கூட அவ்ளோ தெளிவா இல்ல."

லோரன் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

"ஆனா தேதி தப்பு."

"என்ன?"

"மே ஆறாம் தேதி அடிச்சது. கூட்டத்துக்கு எட்டு நாள் முன்னாடி." லோரன் இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினான். "புதுப் பெயிண்ட் இல்ல அது. போன சீசன்ல மிஞ்சின டப்பா. அதுல மருந்து இருக்குங்கறதே எனக்கு மறந்து போச்சு. சீசன் கடைசிங்கறதால பாதி அளவுதான் அதுல. அந்த நாடாவப் பாத்துட்டு நீ முழு அளவுன்னு கணக்குப் போட்டுட்டே. பாதி மருந்து புல்லை முழுசாப் புடிச்சு நிறுத்தாது, ஒன்றேகால் அங்குல வித்தியாசம் வர இருபது நாள் போதுமா? இருபத்தெட்டு நாள். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உங்களுக்கு முழுப் பணமும் கெடச்சிருக்கும்."

ஜோலின் வந்து ஏறினாள். வண்டி கிளம்பியது. கண்ணாடி மேலே ஏறுவதைக் கேலன் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவமானம் இருந்தது. தங்கை இனி வாசல் மிதிக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது. அதெல்லாம் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். அதற்கு முன்னால், வண்டி தெருமுனை திரும்புவதற்குள், அவன் மனசு அந்த ஒன்றேகால் அங்குலத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாதி அளவுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. விரல்களை மடக்கி எண்ணினான். மறுபடியும் எண்ணினான். இருபத்தெட்டு. லோரன் சொன்னதுதான் சரி.